நடக்கிறவளும் காத்திருக்கிறவர்களும்

வாஷிங்டன் நகரத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படுகிற ரயில், பொட்டோமாக் நதியின் கரையை விடாமல் பற்றிக்கொண்டு வெகுதூரம் ஓடி, மலையைக் குடைந்த ஒரு குகைவழியில் நுழைந்து வெளிப்பட்டு, பாலத்தின்மேல் அந்த நதியைத் தாண்டிய மறுகணமே ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்னும் பழைய ஊரில் நம்மை இறக்கிவிடுகிறது. ஷெனண்டோவா நதி பொட்டோமாக்குடன் சங்கமமாகிற முனையில், சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் செங்கல் வீடுகளும் கற்படிகளுமாக அமைந்த இவ்வூருக்குச் சரித்திரப் பிரசித்தி உண்டு. அடிமைத்தனத்தை ஒழிக்கப் புறப்பட்ட ஜான் பிரௌன், 1859-ஆம் வருஷத்தில் இங்கிருந்த அரசாங்க ஆயுதச்சாலையைக் கைப்பற்றி, பிடிபட்டு, தூக்கிலிடப்பட்டார். எங்களோடு ரயிலிலிருந்து இறங்கிய பிரயாணிகள் எல்லோரும் அந்தச் சரித்திரத்தைத் தேடிக் கீழ்த்தெருவுக்குப் போக, நானும் என் மனைவியும் மேல்தெருவில் ஒரு புகைப்பட ஆல்பத்தைத் தேடிக்கொண்டு போனோம்.

அந்த ஆல்பத்தில் எங்கள் மகள் இருந்தாள்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஜார்ஜியா ராஜ்யத்தின் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பித்து, பதினான்கு ராஜ்யங்களைக் கடந்து, வடகோடியில் மேய்ன் ராஜ்யத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிகிற அப்பலாச்சியன் நடைத்தடம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ளது. பெண்ட்டன் மெக்கை என்கிற வனவியல் அறிஞர் 1921-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்ட கனவு அது. ஆங்காங்கே இருந்த நடைச்சங்கங்களும் தொண்டர்களும் வெட்டியும் செதுக்கியும் 1937-இல் முனைக்கு முனை சேர்த்துவைத்தார்கள். இரண்டங்குல அகலமும் ஆறங்குல உயரமுமாக மரங்களிலும் பாறைகளிலும் தீட்டிய வெள்ளைப் பட்டைகளைத் தவிர வழிகாட்டுவதற்கு வேறொன்றும் பெரிதாகக் கிடையாது. தடத்தைப் பரிபாலிக்கும் ஸ்தாபனத்தின் தலைமை அலுவலகம் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் இருக்கிறது. தெற்கேயிருந்து நடந்து வருகிறவர்கள் ஏறக்குறைய பாதி தூரம் வந்துவிட்டோமென்கிற சந்தோஷத்தில் அங்கே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள, அதை வருஷவாரியாக ஆல்பத்தில் சேர்த்துவைக்கிறார்கள்.

வடகரோலினாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மகள், அரை வருஷத்துக்கு விடுப்பு வாங்கிக்கொண்டு, தனியாக, முதுகில் ஒரு மூட்டையோடு இந்தத் தடம் முழுவதையும் நடக்கப்போவதாகச் சொன்னபோது, தென்காசியில் திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதன் நீளம் புரிந்ததே ஒழிய அந்தத் ‘தனியாக’ புரியவில்லை. நடை நமக்குப் புதிதன்று. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் இல்லையா? ஆனால் நம்மவர்கள் கூட்டமாக நடப்பார்கள், வழியெல்லாம் பாடுவார்கள், ஊருக்கு ஊர் நீர்மோர் கொடுப்பார் இருப்பார், போய்ச் சேருமிடத்தில் ஒரு தெய்வம் இருக்கும். கட்டாடின் சிகரத்தின் உச்சியில் ஒரு மரப்பலகைதான் இருக்கிறது என்று அவளே சொன்னாள். என் மனைவி மறுவார்த்தை பேசாமல் மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாயை முடிந்து, பண்பொழித் திருமலைக் குமரனுக்கு நேர்ந்துகொண்டு, பூஜை அலமாரியில் வைத்தாள். நான் வரைபடம் வாங்கினேன். கோடை பிறந்ததும் மேரிலாந்தில் இருக்கிற என் தம்பி மகன் வீட்டுக்கு நாங்கள் இருவரும் வந்து சேர்ந்ததற்குப் ‘பார்த்துவிட்டுப் போகலாம்’ என்று உறவினரிடம் காரணம் சொன்னோம். வாஸ்தவமான காரணம், கவலைப்படுவதற்கு அருகில் ஓர் இடம் வேண்டியிருந்ததுதான்.

ஆல்பத்தில் அவள் பெயரைத் தேடியபோது கிடைக்கவில்லை. தடத்தில் நடப்பவர்கள் சொந்தப் பெயரை விட்டுவிட்டு, சக நடையர்கள் வைத்த பட்டப்பெயரோடு திரிவது சம்பிரதாயம். பொறுப்பிலிருந்த பெண்மணி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். ‘ரசம்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி, கீழே எங்கள் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். குளிர்ந்த மாலைகளில் பொடியைக் கொதிநீரில் கரைத்துத் தங்குகுடிலில் எல்லோருக்கும் கொடுத்ததால் வந்த பட்டமாம்.

“வீட்ல ஒருநாள் ரசம் வச்சிருப்பாளா?” என்றாள் என் மனைவி. ஆனாலும் அந்தப் படத்தை விட்டு அவள் கண் நகரவில்லை.

அதே அலுவலகத்தின் சுவரில் மாட்டியிருந்த நெடிய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் எனக்கு நினைவுக்கு வந்தவர் எம்மா கேட்வுட் என்னும் கிழவி. ஒஹையோ ராஜ்யத்தைச் சேர்ந்த அந்த அம்மாள் பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955-ஆம் வருஷம், தம்முடைய அறுபத்தேழாவது வயதில், கான்வாஸ் காலணியும் தாமே தைத்த ஒரு துணிப்பையும் மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்றுமாக ஜார்ஜியாவில் புறப்பட்டு, செப்டம்பர் மாதக் கடைசியில் கட்டாடின் சிகரத்தில் ஏறி நின்றார். ஒரே மூச்சில் இந்தத் தடம் முழுவதையும் தனியாக நடந்த முதல் பெண்மணி அவரே. வளர்ந்து ஆளாகியிருந்த பிள்ளைகளிடம் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கே, எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. முந்தின வருஷம் மேய்னிலிருந்து தொடங்கி, வழி தவறி, மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வனக்காவலர்களால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வரலாற்றையும் அவர் பிரஸ்தாபிக்கவில்லை.

இந்தக் கதையைப் படித்தபோது முதலில் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நான் பரிதாபப்பட்டேன். பிறகு அவருடைய வாழ்க்கையின் மற்ற பாகம் தெரியவந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கணவனுடைய கொடுமையைச் சகித்து, பல்லும் எலும்பும் உடைபட்டு, விவாகரத்து வாங்கி மீண்டவர் அவர். அடி பொறுக்கமாட்டாத நாட்களில் அவர் ஓடி ஒளிந்த இடம் வீட்டை ஒட்டிய காடுதான். அம்மா காட்டுக்குப் போய்விட்டாளே என்று யாராவது நெஞ்சு பதைத்திருந்தால், அந்தப் பதைப்பு அவள் வீட்டுக்குள் இருந்த காலத்துக்கல்லவா உரியது? அபாயம் இருக்கிற இடம் ஒன்றாகவும் நம் பயம் போய் உட்காருகிற இடம் வேறொன்றாகவும் இருப்பது மனித மனத்தின் பழைய விசித்திரங்களில் ஒன்று.

எங்கள் விஷயத்திலும் அப்படியே நடந்தது. என் மனைவிக்குப் பயம் கரடியிடம், எனக்கு மனிதர்களிடம். வட அமெரிக்கா முழுவதிலுமே கருங்கரடியால் உயிரிழப்பவர் சராசரியாக வருஷத்துக்கு ஒருவர் என்கிற அளவுதான். உணவுப் பையை இரவில் மரக்கிளையில் உயரக் கட்டித் தொங்கவிட்டால் கரடி அதன் வழியே போய்விடுகிறது. மகள் உத்தியோகம் பார்த்த நாட்களில் தினந்தோறும் மோட்டாரில் போய்வந்த அந்த நாட்டுச் சாலைகளிலோ வருஷத்துக்கு ஏறக்குறைய 40,000 பேர் மடிகிறார்கள். அதற்காக நாங்கள் ஓர் இரவாவது கண்விழித்ததுண்டா? தடத்தில் உண்மையில் ஆளைச் சாய்ப்பவை மிகச் சாதாரணமானவை: நனைந்த பாறையில் சறுக்குவது, மழை பெருகிய ஓடையைக் கடப்பது, கோடையிலும் ஈர உடையோடு குளிரில் உடம்பு விறைத்துப்போவது, புல்நுனியில் காத்திருக்கும் கசகசா அளவேயான உண்ணி கடித்து லைம் நோய் காண்பது. இவற்றையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு என் பயம் குறைந்ததா என்றால், இல்லை. இடம் மட்டும் மாறிற்று. இதில் என் மனைவி என்னிலும் விவேகி. பென்சில்வேனியாவில் தடத்தின் சரிபாதியைக் கடக்கிறவர்கள் அரை கேலன், அதாவது இரண்டு லிட்டருக்குச் சற்றே குறைவான ஐஸ்கிரீமை ஒரே இருப்பில் தின்று தீர்க்கிற ஒரு வழக்கம் இருக்கிறது. மகளும் தின்றதாகச் சேதி வந்ததும், “தொண்டை கட்டிக்கும்” என்று அவள் இரண்டு நாள் அந்த ஒரு விஷயத்துக்காக மாத்திரமே கவலைப்பட்டாள்.

சேதி வருகிற விதத்தையும் சொல்லவேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்புகிற, உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்று அவளிடம் இருந்தது. செல்போன் கோபுரம் எட்டாத பள்ளத்தாக்கிலிருந்தும் அது பேசும். ஆபத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் மீட்புப் படைக்குத் தகவல் போகும். இவற்றுக்கும் மேலாக, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் நிற்கிற இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் போட்டுக்கொண்டே வரும். இந்தப் புள்ளியைப் போல ஒரு தகப்பனின் நிம்மதியைக் கெடுக்கிற சாதனம் வேறு இருக்கமுடியாது. புள்ளி நகர்ந்தால் இவ்வளவு வேகமாக ஏன் போகிறாள் என்று தோன்றும். நின்றால் ஏன் நின்றாள் என்று தோன்றும். அடர்ந்த மரக்கூரையின் கீழ் வானம் மறைந்து ஒரு மணி நேரம் புள்ளியே விழாவிட்டால் அந்த ஒரு மணிக்குள் மனம் செய்து முடிக்கிற காரியங்களைச் சொல்லி மாளாது. வெர்மாண்ட்டில் ஒருநாள் பிற்பகல் முழுவதும் அது ஒரு குளத்தின் கரையிலேயே அசையாமல் நின்றதைக் கண்டு நான் சேதிமேல் சேதி அனுப்ப, அந்திக்கு அவளிடமிருந்து பதில் வந்தது: “குளிச்சேன், துவைச்சேன், தூங்கினேன். அப்பா, நான் நடக்கிறேனான்னு பாக்கறீங்களா, இருக்கிறேனான்னு பாக்கறீங்களா?”

அன்றைக்குத்தான் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பகலில் புள்ளி கிடையாது. ராத்திரி படுக்குமுன் ‘இன்ன குடிலில் இருக்கிறேன், நாளைக்கு உத்தேசம் இன்ன இடம்’ என்று ஒரே ஒரு சேதி. ஒரு ராத்திரி சேதி வராவிட்டால் நாங்கள் ஒன்றும் செய்யக்கூடாது; இரண்டாவது ராத்திரியும் வராவிட்டால் அந்தந்த ராஜ்யத்தில் யாரைக் கூப்பிடவேண்டும் என்கிற ஜாபிதாவை அவளே எழுதி அனுப்பினாள். என் கவலைக்கு வேளை குறித்துக் கொடுத்துவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். அந்த ஜாபிதாவை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கூப்பிட வேண்டிய எண் கையில் இருக்கிறது என்பதே, கூப்பிடாத ராத்திரிகளில் தூங்குவதற்குப் போதுமானதாக இருந்தது. சொன்னால் விந்தையாகத் தோன்றும், ஆனால் அபாயத்தின் அளவுக்குத் தக்கபடி நாம் பயப்படுவதில்லை. நம்மால் ஒன்றும் செய்யமுடியவில்லை என்கிற கையாலாகாத்தனத்தின் அளவுக்குத் தக்கபடியே பயப்படுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய ஒப்பந்தங்கள் வேண்டாத ஜாக்கிரதை என்று இளைஞர்கள் நினைக்கலாம். 2013-இல் அறுபத்தாறு வயதுள்ள ஓர் அம்மாள், இதே ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் தொடங்கி வடக்கே நடந்தார். அவருடைய கணவர் மோட்டாரில் தொடர்ந்து போய், தடம் சாலையைக் குறுக்கிடும் இடங்களிலெல்லாம் காத்திருந்து உணவு கொடுத்துவந்தார். மேய்ன் ராஜ்யத்தின் காட்டில் ஜூலை மாதத்தில் ஒருநாள், தடத்தை விட்டுச் சற்றே ஒதுங்கியவருக்குத் திரும்பிவர வழி தெரியவில்லை. கணவருக்கு அவர் அனுப்பிய செல்போன் சேதிகள் கோபுரம் எட்டாமல் கைப்பேசிக்குள்ளேயே தங்கிவிட்டன. பெரும் படை திரட்டித் தேடினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2015 அக்டோபரில், தடத்திலிருந்து இரண்டு மைலுக்கும் குறைந்த தொலைவில் அவருடைய கூடாரமும் நாட்குறிப்பும் கிடைத்தன. வழி தப்பியபின் மூன்று வாரத்துக்கும் மேலாக அவர் உயிரோடிருந்து எழுதியிருக்கிறார். சாலையோரத்தில் மோட்டாரில் உட்கார்ந்து மரங்களுக்கிடையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கணவரை நான் நினைக்காத நாள் அந்தக் கோடையில் இல்லை. இதை என் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கு முன்பே தெரியும் என்றும், என்னிடம்தான் அவள் சொல்லவில்லை என்றும் தம்பி மகன் பின்னால் சொன்னான்.

நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படுகிற வடகிழக்குப் பிரதேசத்துக்கு அவன் எங்களை மோட்டாரில் அழைத்துப் போனபோது, சாலையிலிருந்து நடந்து எட்டக்கூடிய ஒரு தங்குகுடிலைப் பார்த்தோம். மூன்று பக்கம் மரச்சுவர், நான்காம் பக்கம் திறந்த வெளி, படுக்கப் பலகைத் தளம், அவ்வளவுதான். தடம் நெடுக இப்படி 250-க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். வந்தவர் பெயரையும் தேதியையும் எழுதி, தண்ணீர் இருக்கிற இடத்தையோ, பாதத்துக் கொப்புளத்தின் வரலாற்றையோ, தத்துவத்தையோ எழுதிவிட்டுப் போகிறார். யாராவது காணாமற்போனால் மீட்புக்காரர்கள் முதலில் புரட்டுவதும் இந்த நோட்டைத்தான். புரட்டினோம். சில நாள் முந்தைய தேதியில், ‘ரசம்’: “ராத்திரி முழுக்க மழை. என் கூடாரம் ஒழுகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.” அந்த ஒற்றை வரியில் எனக்குக் கிடைத்த ஆறுதலைக் கோடை முழுவதும் விழுந்த புள்ளிகள் தரவில்லை. புள்ளி இந்த நிமிஷத்தைச் சொல்கிறது, அடுத்த நிமிஷத்துக்கு அதனிடம் உத்தரவாதம் இல்லை. நோட்டோ, தாண்டி முடிந்துவிட்ட ஒரு ராத்திரியைச் சொல்கிறது.

அவளை நேரில் பார்ப்பதென்று குறித்திருந்த இடம் நியூ ஹாம்ப்ஷயரின் வாஷிங்டன் சிகரம். அதன் உயரம் 6,288 அடி. நம் கொடைக்கானல் ஊரே அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே நான் அதை அலட்சியமாகவே எண்ணியிருந்தேன். ஆனால் அட்சரேகை வேறு, காற்றும் வேறு. புயல்கள் பல திசையிலிருந்தும் வந்து முட்டிக்கொள்ளும் பாதையில் நிற்கிறது அந்தச் சிகரம். 1934 ஏப்ரல் 12-ஆம் தேதி, உச்சியிலுள்ள வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் மணிக்கு 231 மைல் வேகக் காற்றை அளந்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் உலகத்தில் அதை மிஞ்சிய அளவு பதிவாகவில்லை. ஏறக்குறைய 4,500 அடிக்கு மேல் மரமே கிடையாது. வெறும் பாறையின்மேல் குவித்துவைத்த கற்குவியல்களைப் பார்த்துக்கொண்டே மேகத்துக்குள் நடக்கவேண்டும்.

முழங்கால் தேய்ந்த எங்களைப் போன்றவர்களுக்காக 1869-லேயே அங்கே பல்சக்கர ரயில் போட்டுவிட்டார்கள். மலையேறுவதற்கென்று உலகத்தில் முதன்முதல் அமைந்த பல்சக்கர ரயில் அதுதான். சில்வெஸ்டர் மார்ஷ் என்பவர் இதற்கு அனுமதி கேட்டபோது, சந்திரனுக்கே ரயில் விடுங்களேன் என்று சட்டசபையில் பரிகாசம் செய்தார்களாம். 1899-இல் குன்னூரை எட்டிய நம் நீலகிரி ரயில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறுகிறது. இதுவோ சில இடங்களில் மூன்றடிக்கு ஓரடிக்கும் மேல். என் மனைவி முன்னாலிருந்த கம்பியை விடவே இல்லை. பாதையை ஒட்டி நடந்துபோகும் நடையர்களில் சிலர், சிரமப்படாமல் ஏறுகிறவர்களைக் கண்டால் திரும்பி நின்று கால்சட்டையை இறக்கித் தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவிப்பது அங்கே ஒரு பழக்கம் என்று ரயில்காரர் சிரித்துக்கொண்டே எச்சரித்தார். மேகம் மூடியிருந்தபடியால் அந்தத் தரிசனம் எங்களுக்குக் கிட்டவில்லை. எங்கள் மகள் அப்படிச் செய்ததுண்டா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

உச்சியிலுள்ள கட்டடத்தில், அந்த மலைவரிசையில் இறந்தவர்களுடைய பெயர்களைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். 1849-இல் தொடங்குகிற அந்த ஜாபிதாவில் 150-க்கு மேற்பட்ட பெயர்கள். வழுக்கி விழுந்தவர், குளிரில் விறைத்தவர், பனிச்சரிவில் புதைந்தவர், மாரடைப்பு கண்டவர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் இறந்தவர்களும் அதில் உண்டு. மகளுக்காகக் காத்திருக்கும் ஒருவன் வாசிக்கத்தக்க நூலன்று அது. ஆனால் அவள் வருமட்டும் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன்.

அவள் ராத்திரி தங்கியது ஒன்றரை மைல் கீழே, ஏரிக்கரையில் இருக்கிற மலைச்சங்கத்தின் விடுதியில். அங்கே தடம் முழுதும் நடக்கிறவர்கள் சிலருக்குக் கட்டணத்துக்குப் பதிலாக வேலை. பாத்திரம் கழுவி, தரை பெருக்கி, சாப்பாட்டு மேஜைக்கடியில் படுத்துத் தூங்கிவிட்டு வந்தேன் என்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை, தாய்க்குத் தெரிந்தது. “கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே” என்றாள். பிறகு புளியோதரை டப்பா திறக்கப்பட்டது. அவள் உண்ட வேகத்தைக் கண்டு பக்கத்து மேஜைக் குடும்பம் பேச்சை நிறுத்தியது. வீட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே புத்தகம் படிக்கிற பெண் அவள்.

“பயமா இல்லையா?” என்று கேட்டாள் என் மனைவி.

“இருக்கும்மா. முதல் வாரம் கரடிக்குப் பயம். இப்ப ஈரக் காலுறைக்குப் பயம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “போர்டைப் படிச்சீங்களாப்பா?” என்றாள். படித்தேன் என்றேன். “நானும் படிக்கணும்னுதான் வந்தேன்” என்று எழுந்துபோய், அதன் முன்னால் நின்று நிதானமாகப் படித்தாள். அன்றைய உச்சி வானிலை அறிக்கையையும் படித்தாள். பிற்பகலில் காற்று கூடும் என்றிருந்ததால், அடுத்த விடுதிக்குப் போகிற உத்தேசத்தை மாற்றுவதா என்று விரலை வரைபடத்தில் வைத்து யோசித்து, உடனே புறப்பட்டால் காற்றுக்கு முன்னால் போய்விடலாம் என்று தீர்மானித்தாள். மலையைக் குறித்து நான் படித்திருந்ததையெல்லாம் அவள் தன் காலால் அறிந்து வைத்திருந்தாள். அவ்வளவு அறிந்தும் போகிறாள் என்பதில் எனக்குப் பெருமையும் வியாகுலமும் சரிசமமாக உண்டாயின. தாய் திருநீறு இட்டாள். அவள் வடக்கே நடந்தாள். நாங்கள் ரயிலில் இறங்கினோம். ராத்திரி சேதி வந்தது: “வந்துட்டேன். காத்து என்னைத் தள்ளிக்கிட்டே வந்துச்சு.”

புறப்படுமுன் அவள் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். மேய்ன் ராஜ்யத்தில் மான்சன் என்னும் சிற்றூரைத் தாண்டியதும் ‘நூறு மைல் வனாந்தரம்’ தொடங்குகிறது. வழியில் கடை கிடையாது, பத்து நாளுக்கு வேண்டியதைச் சுமந்துகொண்டு போகவேண்டும் என்று நுழைவாயிலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அதற்கான குளிர் உடைகளையும் உணவையும் மான்சன் தபாலாபீசுக்கு அவள் பெயருக்கு அனுப்பிவைத்தால், அவள் போய் வாங்கிக்கொள்வாள். கம்பளித் தொப்பி, கையுறை, புதுக் காலுறைகள், ரசப்பொடி. எடையைப் பார்க்கச் சக்தி அதிகமென்று அவளே கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த கோவில்பட்டிக் கடலைமிட்டாய். எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை என் மனைவி பெட்டியில் வைப்பதும் நான் எடுப்பதுமாகக் கொஞ்ச நேரம் போய், முடிவில் ஜாடி இல்லாமல் ஊறுகாய் மட்டும் பொட்டலமாகப் போயிற்று.

கோர்ஹாம் என்கிற ஊரின் தபாலாபீசில் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த மனிதர் இத்தகைய பெட்டிகளைப் பார்த்துப் பழகியவர். ‘நடைத்தடத்துப் பிரயாணிக்கு, வரும்வரை வைத்திருக்கவும்’ என்று மேலே எழுதச் சொல்லிவிட்டு, அவள் மான்சனுக்கு வந்துசேரக்கூடிய தேதியையும் எழுதுங்கள் என்றார். மகள் சொன்ன தேதியை நான் எழுதப் போனேன்.

“என்னங்க, ஒரு வாரம் கூட்டியே எழுதுங்க. அவ மெதுவா வரட்டும்” என்றாள் என் மனைவி.

இரண்டு தேதியையும் எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். ஒன்று போதும் என்றார்.